இரண்டாவது புறப்பாடு

நோயுற்ற வளர்ப்புத் தந்தையுடன் சில மாதங்கள் இருந்துவிட்டு மீண்டும் கடல் கடந்தார் ஏமி கார்மைக்கேல். பெங்களூருக்கு வந்த அவர் அதன்பின் ஊர் திரும்பவேயில்லை.

பெங்களூர் கண்டோன்மென்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் உடம்பு காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தது. 1895-ம் ஆண்டின் கடைசி வாரங்கள் அவை. அக்டோபர் 11-ம் தேதி இங்கிலாந்தில் கப்பலேறி, நவம்பர் 9-ம் தேதி சென்னையில் இறங்கி, அங்கிருந்து பெங்களூர் வந்திருந்தார். அந்த ஊரின் சீதோஷ்ணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று அங்கே வேலை பார்த்த தோழி ஒருவர் எழுதியிருந்தார். அதை நம்பி வந்தவரைப் பிடித்துக்கொண்டது டெங்கு. ஏமி கார்மைக்கேல் என்ற அந்த அயர்லாந்துப் பெண்ணுக்கு அப்போது வயது 27.

காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும். அவர் மனதில் சுமந்து வந்தது அப்படி இறங்கக்கூடியதல்ல. இங்கிலாந்தின் வடமேற்கில், காக்கர்மவுத் என்ற சிறு ஊருக்கு அருகில் இருந்த பிராட்டன் கிரேஞ்ச் வீட்டில், பக்கவாதம் தாக்கி ஓரளவு தேறியிருந்த ஒரு முதியவரிடம் விடைபெற்றுக்கொண்டு வந்திருந்தார். அந்த முதியவர் ராபர்ட் வில்சன். ஏமியைப் பெற்றவர் அல்ல. ஆனால் மகளாகவே வரித்துக்கொண்டவர்.

வெளிநாட்டுத் தொண்டுக்குப் போகிறவர்களைப் பற்றிய கதைகளில் முதல் புறப்பாடு எப்போதும் விரிவாகச் சொல்லப்படும். வழியனுப்பு விழா, மாலை, பிரார்த்தனை, கைக்குட்டை அசைப்பு எல்லாம் அதற்குண்டு. இரண்டாவது புறப்பாட்டைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஆனால் கடினமானது அதுதான். முதல் முறை போகிறவருக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்று தெரியாது. இரண்டாம் முறை போகிறவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். போகிற இடத்தின் வெயிலும் தனிமையும் தெரியும். விட்டுப் போகும் வீட்டில் தாயோ தந்தையோ எவ்வளவு தளர்ந்துவிட்டார் என்பதையும் கண்ணால் பார்த்தாகிவிட்டது.

ஏமியின் வாழ்க்கை இதற்கு நல்ல சாட்சி. 1867 டிசம்பர் 16-ம் தேதி வட அயர்லாந்தின் மில்ஐல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். ஏழு குழந்தைகளில் மூத்தவர். மாவு மில் நடத்திய தந்தை டேவிட் கார்மைக்கேல் 1885-ல் இறந்துபோனார். தாய் கேதரீனுக்குத் துணையாக நின்ற மூத்த மகள், பெல்ஃபாஸ்ட் நகரின் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காகக் கூட்டங்கள் நடத்தினார். தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வை போர்த்திக்கொண்டு வந்த அந்தப் பெண்களைக் கௌரவமான தேவாலயங்கள் முகம் சுளித்துப் பார்த்த காலம். அவர்களுக்கென்றே தகரக் கொட்டகையில் ஒரு கூடம் எழுப்பினார் ஏமி.

ராபர்ட் வில்சன் அந்தக் குடும்பத்துக்கு அறிமுகமானது அப்போதுதான். மனைவியையும் ஒரே மகளையும் இழந்தவர். கெஸ்விக் மாநாடு என்ற பெயரில் ஆண்டுதோறும் நடந்த கிறிஸ்தவக் கூட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1890-ல் ஏமி அவர் வீட்டில் தங்க வந்தார். கடிதங்கள் எழுத, கூட்டங்களுக்கு உடன் போக, பேச்சுத்துணையாக இருக்க அவருக்கு ஒரு மகள் கிடைத்தாள். ஏமி தன் பெயரில் வில்சன் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டே ஆண்டுகளில் அந்த மகள் கடல் கடந்து போக வேண்டும் என்றாள். தாய் கேதரீன் கடிதம் மூலம் சம்மதம் தந்தார். வில்சனுக்கு அது எளிதாக இல்லை. ஒரு மகளை மரணத்திடம் பறிகொடுத்தவர், இன்னொரு மகளைத் தானே அனுப்பிவைக்க வேண்டும். அவளால் போகாமல் இருக்க முடியாது என்பது தெரிந்ததும் அவர் தடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், கெஸ்விக் மாநாடு தன் செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மிஷனரி ஏமிதான்.

சீனாவுக்குப் போக விண்ணப்பித்தபோது உடல்நிலை போதாது என்று நிராகரித்தார்கள். 1893 மார்ச்சில் ஜப்பானுக்குப் புறப்பட்டார். மாட்சுயே நகரில் ஏறக்குறைய 15 மாதங்கள். கடுமையான தலைவலி அவரைப் படுக்கையில் தள்ளியது. 1894-ல் ஓய்வுக்காக ஷாங்காய் சென்றவர், அங்கிருந்து இலங்கைக்குப் போய்விட்டார். பெரியவர்கள் யாரையும் கலந்துகொள்ளாமல் எடுத்த முடிவு அது. ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. ஆண்டின் இறுதியில் கொழும்புக்கு ஒரு செய்தி வந்தது: வில்சனுக்குப் பக்கவாதம். உடனே கப்பலேறினார் ஏமி. டிசம்பர் நடுவில் லண்டன் சேர்ந்தார்.

அடுத்த சில மாதங்களை விடுமுறை என்றும் சொல்லலாம், சேவை என்றும் சொல்லலாம். வில்சன் மெல்லத் தேறினார். ஜப்பானிலிருந்து எழுதிய கடிதங்களைத் தொகுத்து ஏமி வெளியிட்ட நூலும் அந்த 1895-ல்தான் வந்தது. ஒரு மகள் நிம்மதியாக வீட்டோடு இருந்துவிட வேண்டிய காரணங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஜப்பான் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு பலவீனம். தந்தைக்கு வயதாகிவிட்டது. அவர் பக்கத்தில் இருப்பதை யாரும் கோழைத்தனம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். கடமை என்றே சொல்லியிருப்பார்கள். போனால்தான் பழி.

பெங்களூர்த் தோழியின் கடிதம் வந்தது அப்போதுதான். 1895 ஜூலையில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெனானா மிஷன் அவரை ஏற்றுக்கொண்டது. வெளியே வர முடியாத அந்தப்புரப் பெண்களிடையே வேலை செய்வதற்காக ஏற்பட்ட அமைப்பு அது. அக்டோபரில் ஏமி மறுபடியும் கப்பலில் இருந்தார்.

அவர் வந்திறங்கிய பெங்களூர் உண்மையில் இரண்டு ஊர்கள். ஒன்று, மைசூர் மகாராஜாவின் ஆட்சிக்கு உட்பட்ட பழைய பேட்டை. மற்றொன்று, 1809-ல் ஆங்கிலேயர் உருவாக்கிய கண்டோன்மென்ட். இரண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949-ல்தான். கண்டோன்மென்டின் தெருக்களில் ஒலித்த மொழிகளில் தமிழுக்கு முக்கிய இடம் உண்டு. பட்டாளத்தோடு வந்த சிப்பாய்கள், வியாபாரிகள், கட்டட வேலைக்காரர்கள், சமையல்காரர்கள் என்று சென்னை ராஜதானியிலிருந்து குடியேறியவர்கள் அல்சூரிலும் இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதியிலும் நிறைந்திருந்தார்கள். 1864-லேயே சென்னையிலிருந்து ரயில் வந்துவிட்டது. அதனால்தான் பெங்களூருக்கு வந்த அயர்லாந்துப் பெண் கன்னடம் கற்காமல் தமிழ் கற்றார்.

தமிழ் அவரைப் படாத பாடு படுத்தியது. முன்ஷி வைத்துப் படித்தார். புத்தகத் தமிழைவிட வீட்டுத் தமிழ் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மக்களோடு அவர்கள் குடிசையிலேயே தங்கிப் பழக விரும்பினார். கண்டோன்மென்டின் வெள்ளைக்கார உலகம் அதை ரசிக்கவில்லை. தேநீர் விருந்துகளும் வம்புப் பேச்சும் நிறைந்த அந்த உலகத்தில் அவருக்கு மனம் ஒட்டவுமில்லை. குதிரைச் சவாரியில் அவர் காட்டிய வேகம்கூடப் பேச்சாயிற்று. வேலையில் திருப்தி இல்லை, சுற்றியிருப்பவர்கள் தன்னவர்களாக இல்லை, ஊர்க் கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும். விட்டு வந்த முதியவர் நினைவு வர இதைவிடத் தோதான சூழ்நிலை வேண்டியதில்லை. இரண்டாவது புறப்பாட்டின் உண்மையான சோதனை துறைமுகத்தில் நடப்பதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் சில மாதங்களில் நடக்கிறது.

அந்த மாதங்களை அவர் தாண்டியதற்குக் காரணம், கற்றுக்கொள்ள ஒரு மொழியும் அதைக் கற்றுத்தர ஒரு மனிதரும் கிடைத்தது. திருநெல்வேலியில் பணியாற்றிய தாமஸ் வாக்கரை 1896-ல் சந்தித்தார். வாக்கர் தமிழில் தேர்ந்தவர். திருநெல்வேலிக்கு வந்தால் தமிழ் வசப்படும் என்றார். அந்த ஆண்டு டிசம்பரில் ஏமி பெங்களூரை விட்டுத் தெற்கே போனார். பெங்களூரில் இருந்தது ஏறக்குறைய ஓராண்டுதான். ஆனால் திரும்பிப் போகாத பெண்ணாக அவர் மாறியது அந்த ஓராண்டில்தான்.

பின்னர் நடந்தது தென் தமிழகம் அறிந்த கதை. பண்ணைவிளையில் தங்கி, பொன்னம்மாள் முதலான உள்ளூர்ப் பெண்களுடன் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். 1901 மார்ச் 7-ம் தேதி காலையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் கொண்டுவரப்பட்டாள். பிரீனா என்ற அந்தக் குழந்தை பெருங்குளத்தில் கோயிலைச் சேர்ந்த தாசிகள் வீட்டிலிருந்து ஓடிவந்தவள். அதற்கு முன்பும் ஒருமுறை தப்பி, தூத்துக்குடியில் இருந்த தாயிடமே ஓடியிருந்தாள். தேடி வந்தவர்களிடம் தாயே அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தண்டனையாகக் குழந்தையின் கைகளில் சூடு போட்டார்கள்.

பெற்றவரிடம் திரும்பிப் போக முடியாத குழந்தைகளுக்கான இடமாக டோனாவூர் உருவானது இப்படித்தான். பிரஷ்யப் பிரபு டோனா என்பவரின் நன்கொடையால் பெயர் பெற்ற அந்தச் சிற்றூரில் 1904-க்குள் 17 குழந்தைகள் சேர்ந்திருந்தார்கள். 1913-ல் எண்ணிக்கை 130. 1918-லிருந்து ஆண் குழந்தைகளும் வந்தார்கள். எல்லோருக்கும் அவர் 'அம்மா'.

எதிர்ப்பும் இருந்தது. குழந்தைகளைக் கடத்துகிறார் என்று குற்றம் சாட்டினார்கள்; வழக்குகள் வந்தன. மதம் மாற்றுவதற்கே இந்த ஏற்பாடு என்றவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர் மிஷனரி, அதை அவர் மறைத்ததேயில்லை. கோயிலுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிரான போராட்டத்தை அவர் மட்டும் நடத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டத்தின் மூலம் அதற்கு முடிவு கட்டப் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது 1947-ல்.

இதற்கிடையே ஊரில் இருந்தவர்கள்? அந்நாளில் பல மிஷன்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட ஊர் விடுப்பு கொடுப்பது வழக்கம். ஏமி அந்த விடுப்பை ஒருமுறைகூட எடுக்கவில்லை. 1895-லிருந்து 1951 வரை, 55 ஆண்டுகள். குழந்தைகளை யாரிடம் விட்டுப் போவது என்ற கேள்விக்கு நியாயம் இருக்கிறது. பிராட்டன் கிரேஞ்ச் வாசலில் இன்னொரு முறை விடைபெறும் தெம்பு அவருக்கு இருந்திருக்காது என்று நினைக்கவும் இடமிருக்கிறது.

மகள் போகவில்லை, தாய் வந்தார். 1904-ல் கேதரீன் கார்மைக்கேல் டோனாவூருக்கு வந்து ஓராண்டுக்கும் மேல் தங்கினார். ஏழு பிள்ளைகளை வளர்த்த கைகள். கைக்குழந்தைகளை எப்படிக் காப்பாற்றுவது என்று மகள் திணறிக்கொண்டிருந்த நேரம் அது. பாட்டி வந்தது வீட்டுக்கே பலம். விடுப்பு எடுக்காத மகளின் வாழ்க்கையில் தாயோடு கழித்த விடுமுறை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். தாய் அங்கே இருந்தபோதே, 1905-ல், ராபர்ட் வில்சன் இறந்த செய்தி வந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் சொன்ன விடை கடைசி விடையாகிவிட்டது. 1912-ல் வாக்கரும் 1913-ல் தாயும் மறைந்தார்கள். தாய் இறந்தபோதும் ஏமி டோனாவூரில்தான் இருந்தார்.

ஏமி தேர்ந்த வழியில் போனவர்கள் வேறு சிலரும் உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோவ்ரி 1920-ல் வீட்டாரிடம் விடைபெற்றுக் குண்டூர் வந்தார். கன்னியாஸ்திரீயாகவும் டாக்டராகவும் பணியாற்றினார். 1943-ல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். தாய்நாட்டுக்குத் திரும்பாமலே 1957 மே மாதம் பெங்களூரில் இறந்தார். இந்தியாவில் ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்ற அவரது கனவு, செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியாக 1963-ல் அதே பெங்களூரில் நிறைவேறியது.

சிலருக்குத் தாயைப் பார்க்க வந்த பயணமே தொண்டாக மாறிவிட்டது. ராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஐடா ஸ்கடர், 1890-ல் உடல்நலமில்லாத தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்தார். சில காலம் இருந்துவிட்டு அமெரிக்காவுக்கே போய்விடுவது என்பதுதான் திட்டம். பெண் மருத்துவர் இல்லாததால் பிரசவத்தில் மூன்று பெண்கள் இறந்ததைக் கண்டபின் திட்டம் மாறியது. அமெரிக்கா போனார், 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார், 1900-ல் வேலூர் வந்தார். இன்றைய சி.எம்.சி. மருத்துவமனையின் தொடக்கம் அதுதான்.

இந்தக் கதையின் மறுபக்கத்தைக் குழந்தையின் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கொல்லிமலைக்குப் போக வேண்டும். அங்கே பணியாற்றிய ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியர் 1923-ல் ஊர் விடுப்பில் லண்டன் போனார்கள். விடுப்பு முடிந்ததும் படிப்புக்காக மகன் பாலையும் மகள் கோனியையும் அங்கே உறவினரிடம் விட்டுவிட்டு இருவர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது வயது ஒன்பது. 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துபோனார். தந்தையை மகன் அதன்பின் பார்க்கவேயில்லை. அந்த மகன்தான் 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

அப்போதும் தாய் மகன் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்தபின், எழுபதை நெருங்கிய வயதில், எவலின் தன் சொந்தப் பொறுப்பில் மலைக்குத் திரும்பினார். மட்டக்குதிரையிலும், பிறகு கையில் மூங்கில் கழி ஊன்றியும் மலைகளில் அலைந்தார். 1974-ல் 95 வயதில் இறந்தபோது கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இங்கே ஒவ்வொரு முறையும் புறப்பட்டுப் போனது தாய். வழியனுப்பிவிட்டுக் கவலைப்பட்டது மகன்.

தொண்டு நிறுவனங்கள் இந்தக் கவலைக்கு இப்போது விதிமுறை வகுத்துவிட்டன. 1958-ல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ., 1961-ல் அமெரிக்காவில் தொடங்கிய பீஸ் கோர் ஆகியவை ஆயுள் முழுவதையும் கேட்கவில்லை. பீஸ் கோர் தொண்டரின் காலம் 27 மாதங்கள். மாதத்துக்கு இரண்டு நாள் வீதம் விடுமுறை சேரும். 1961-லிருந்து 1976 வரை அதன் தொண்டர்கள் இந்தியாவில் பணியாற்றினார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாய் லில்லியன், 68 வயதில் பம்பாயின் விக்ரோலிக்கு நர்ஸாக வந்ததும் இந்தத் திட்டத்தில்தான். இரண்டு ஆண்டுகளில் அவர் வீடு திரும்பினார். போகும் நாளும் திரும்பும் நாளும் முன்கூட்டியே தெரிந்திருப்பது வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை.

விதிமுறையால் தீராதது ஒன்று உண்டு. விடுமுறை முடிந்து பெட்டி கட்டும் இரவில் தாயோ தந்தையோ கேட்காமல் விடும் கேள்வி அது. பெங்களூரில் அந்தக் கேள்வி இன்று மிஷனரிகளுக்கு மட்டும் உரியதல்ல. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேராக இருக்கும் வீடுகள் இந்த நகரத்தில் ஏராளம். போகிறவர் பெரிய காரியத்துக்காகப் போகிறார் என்பதால் இருப்பவரின் தனிமை சிறிதாகிவிடுவதில்லை. டோனாவூரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாய் கிடைத்ததற்கு ஒரு பங்கு விலையைப் பிராட்டன் கிரேஞ்சில் ஒரு முதியவர் கொடுத்தார். தொண்டு வரலாறுகளில் அந்தக் கணக்கை அபூர்வமாகவே எழுதுகிறார்கள்.

ஏமி அதை மறக்கவில்லை என்பதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. 1931-ல் கீழே விழுந்து கால் முறிந்தபின் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருந்து எழுதிக்கொண்டிருந்தார். 1951 ஜனவரி 18-ம் தேதி இறந்தார். அவர் விருப்பப்படி டோனாவூரில் கல்லறைக் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் வைத்தார்கள். ஆனால் 1903-ல் வெளிவந்து இங்கிலாந்தைத் திடுக்கிட வைத்த 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' நூலின் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் முழுமையாக இருக்கிறது: ஏமி வில்சன் கார்மைக்கேல்.

அந்தப் புத்தகம் வந்தபோது வில்சன் உயிரோடு இருந்தார்.